தம்பி அறியாத ஒரு வாசனை

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன்பிறகு கையில் பிடித்தது கரண்டிதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். முகம் தெரியாத பல பேர் படிக்கும் தாளில் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்பைப் பற்றி அதைப் படித்தவர்கள்தான் எழுத வேண்டும். என் தம்பி படித்தான். அவன் எழுத வழியில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

என் தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருக்கிறது. சமைக்கும்போது நாங்கள் வாயையும் மூக்கையும் மறைத்துக் கட்டிக்கொள்ளும் துணி அது. மஞ்சள் நிறம் வெளுத்துவிட்டது. அதற்குள் பாதிப் பூண்டு இருக்கிறது. பற்கள் சுருங்கிப் போய், மேல்தோல் மட்டும் விறைப்பாக நிற்கிறது. எடுத்தால் கையில் கனமே தெரியாது. எங்கள் வீட்டில் இன்றுவரை பூண்டு சமைத்ததில்லை. வெங்காயமும் கிடையாது. எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த ஒரே பூண்டு இதுதான். அதுவும் முழுதாக வரவில்லை.

திருத்தணி மலைமேல் சுவாமிக்கு நைவேத்தியம் சமைப்பது எங்களுக்குப் பரம்பரையாக வந்த வேலை. மடப்பள்ளியில் பல விதிகள் உண்டு. அவற்றில் தலையானது, சமைக்கிறவன் தான் சமைப்பதை மோந்து பார்க்கக் கூடாது என்பது. ருசி பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். சுவாமிக்குக் காட்டும் வரை அந்த வாசனை சுவாமிக்கு மட்டும்தான் சொந்தம். அதற்காகத்தான் துணி கட்டிக்கொள்வது. துணி கட்டினால் மட்டும் வாசனை நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்காது. மூச்சுதான் நிற்க வேண்டும். அண்டாவின் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆவி அடங்கும் வரை மூச்சை நிறுத்திக்கொள்வோம். சாதம் வெந்ததா என்பதைக் கொதிக்கிற சத்தத்தை வைத்துச் சொல்வோம். பாகு பதத்துக்கு வந்ததா என்பதைக் கரண்டியிலிருந்து விழும் கம்பியைப் பார்த்துச் சொல்வோம். சில வருஷங்கள் இப்படிப் பழகிவிட்டால் யாரும் சொல்லாமலே மூச்சு தானாக நின்றுவிடும். பிறர் சாப்பாட்டின் வாசனை வந்தாலும் அப்படித்தான். பஜாரில் ஒரு வீட்டைக் கடக்கும்போது உள்ளே ஏதாவது தாளித்தால் எங்கள் மூக்கு மூடிக்கொள்ளும்.

தம்பிக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் மடப்பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தான். நைனா, அதாவது எங்கள் அப்பா, சர்க்கரைப் பொங்கலை இறக்கிக்கொண்டிருந்தார். நெய்யும் ஏலக்காயும் சேர்ந்த ஆவி வாசல்வரை வந்தது. தம்பி கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "நல்லா வாசனையா கீது நைனா" என்றான். நைனா அவனைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. உருளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கழுநீர் போகும் கால்வாயில் முழுவதையும் கவிழ்த்தார். திரும்பி வந்து உருளியைத் தேய்த்து, மறுபடி அரிசி களைந்து உலையில் போட்டார். பூஜை தாமதமானது. தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் மோந்து பார்த்து நான் கண்டதில்லை. வீட்டில் சாதாரண ரசம் வைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இன்னொரு விதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடியும் வரை நாங்கள் மடப்பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த நாட்களில் வேறு வீட்டார் வந்து அடுப்பு மூட்டுவார்கள். அம்மா போனபோது அப்படி நடந்தது. மலைமேல் புகை எழுவதைக் கீழே தெருவிலிருந்து பார்த்துக்கொண்டு நைனா வேலையற்ற கைகளோடு உட்கார்ந்திருந்தார்.

தம்பி படிப்பில் கெட்டிக்காரன். பள்ளிக்கூடம் முடித்து, இன்டர்மீடியட் முடித்து, சென்னையில் அப்போது புதிதாக வந்திருந்த கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்பில் சேர்ந்தான். உலகச் சண்டை முடிந்த சமயம் அது. எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தாலுகா ஆபீசில் இருந்தவர்களுக்கே அது என்ன படிப்பு என்று தெரியவில்லை. வக்கீலுக்குப் படிக்கிறானா, டாக்டருக்குப் படிக்கிறானா என்று இரண்டையே திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். நானும் ஒரு லீவில் அவனிடம் கேட்டேன்.

"நம்ம வேலையேதான் அண்ணா" என்றான். "அடுப்பு, அண்டா, ஆவி, வடிகட்டறது. உள்ள வேகறது மட்டும்தான் வேற. இங்க பத்து படி வேகுது, அங்க ஒரு தெருவே முழுகற அளவுக்கு வேகும்."

"அப்ப நான் இன்ஜினியரா?"

"நீ பெரிய இன்ஜினியர். நான் உங்கிட்ட எடுபிடி" என்று சிரித்தான். வகுப்பில் அவனுக்குப் 'பொங்கல்' என்று பெயராம். 'பொங்கல், உலை கொதிக்குது, ஓடியா' என்று கூப்பிடுவார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவன் சொன்னதில் ஒன்று என் மனதில் தங்கியது. முதல் வருஷம் சோதனைக் கூடத்தில் மற்ற பையன்கள் குடுவையின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்து ஆசிரியரிடம் திட்டு வாங்குவார்களாம். இவன் மட்டும் முகத்தைத் திருப்பி, மூச்சை நிறுத்தி, நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே வேலையை முடித்துவிடுவானாம். ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கூப்பிட்டு, "இவனப் பாருங்க, இவன்தான் ரொம்ப நாள் இருப்பான்" என்றாராம். நைனாவிடம் அதைச் சொன்னேன். அன்று சாப்பிடும்போது ஒரு கரண்டி நெய் கூடுதலாகத் தம்பி இலையில் விழுந்தது.

ஒவ்வொரு லீவிலும் அவன் கொண்டுவரும் துணிகளில் ஓட்டைகள் இருக்கும். அமிலத் துளி பட்ட இடமாம். நான் உட்கார்ந்து தைப்பேன். ஊசியை இழுத்தால் நூலோடு துணியும் பொடியாக வரும். ஓட்டையைச் சுற்றி நல்ல துணி என்று நினைத்த இடமும் உள்ளுக்குள் செத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இழுத்தால்தான் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். அவனிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்ல மாட்டேன்.

கடைசி வருஷத்துக்கு முன் வந்த லீவில் அவன் கலகலப்பாக இல்லை. மடப்பள்ளியில் எனக்குத் துணையாக விறகு தள்ளிக்கொண்டிருந்தவன், வேலை முடிந்து படிகளில் இறங்கும்போது சொன்னான். தேர்வு எழுதும் முன் எல்லா மாணவர்களும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சில வாரம் வேலை பழக வேண்டுமாம். இவனுக்குச் சென்னைக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருந்த ஓர் அமிலத் தொழிற்சாலை கிடைத்திருந்தது. அங்கே அமிலத் தொட்டிகளைக் கழுவும் இடத்தில் சில சமயம் ஒரு விஷக்காற்று உண்டாகுமாம்.

"நிறம் கிடையாது. கண்ணு எரியாது. இருமல் வராது. அது உள்ள போனதே தெரியாது. ஆனா ரத்தத்தக் கரைச்சி விட்டுரும். ஒண்ணுக்கு செவப்பாப் போவும், ஒடம்பு மஞ்சளாவும். அதுக்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப எப்பிடித்தான் தெரிஞ்சிக்கிறது?"

"வாசனைதான். பூண்டு வாசனை வரும்னு புஸ்தகத்துல போட்டுகீது. அது வந்தா வெளிய ஓடணும்." கொஞ்சம் நின்று, "பூண்டு வாசனை எப்பிடி இருக்கும்ணா?" என்று கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை. சந்தையில் பூண்டு மூட்டையைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கம் போனாலே எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். பிறர் வீடுகளிலிருந்து வரும் குழம்பு வாசனையில் எது பூண்டு, எது வெங்காயம், எது கருவாடு என்று நாங்கள் பிரித்து அறிந்ததில்லை. எங்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை, பிறத்தியார் சாப்பாடு என்ற வாசனை. மற்ற பையன்களிடம் கேட்கலாமே என்றேன். இன்ஜினியருக்குப் படிக்கிறவன் பூண்டு தெரியாது என்றால் ஊரைக் கூட்டிச் சிரிப்பார்கள் என்றான். சென்னையில் அவன் சாப்பிட்ட இடத்திலும் பூண்டு சேர்ப்பதில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சரம்மா ஒருவர் ரயிலடிக்குப் போகும் தெருவில் இருந்தார். தம்பிக்கு ஆங்கிலப் புத்தகங்கள் இரவல் கொடுப்பார். இருவரும் அவர் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போய் நின்றோம். நான் வாயே திறக்கவில்லை. தம்பி விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்பா, மலை மேல இருக்கிற சாமிக்குப் பொங்கல் வாசனை, பூண்டு வாசனைக்கு மட்டும் கீழ இருக்கிற நானா? உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா என் வீட்டையே கால்வாயில கவுத்துருவாரே" என்றார். பொங்கலைக் கவிழ்த்த கதை ஊருக்கே தெரியும்.

ஆனாலும் உள்ளே போய் அம்மியில் நாலு பல் பூண்டைத் தட்டி, ஒரு தட்டில் எடுத்துவந்து தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் இரண்டு அடி பின்னால் போனேன். தம்பி குனிந்தான். அவன் பக்கவாட்டில் நின்ற எனக்கு அவன் மூக்கு தெரிந்தது. அது அசையவில்லை. நெஞ்சும் அசையவில்லை. மூடியைத் திறந்த அண்டாவின் முன் நிற்பதைப்போலவே நின்றான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"வந்துச்சா?" என்றார் டீச்சரம்மா.

"ஆங், வந்துச்சுங்க" என்றான் தம்பி.

அவர் ஒரு முழுப் பூண்டையும் எடுத்துக் கொடுத்தார். "தனியா உக்காந்து நிதானமா மோந்து பாரு. படிப்புக்குத்தானே. கர்த்தரும் கோச்சிக்க மாட்டாரு, முருகனும் கோச்சிக்க மாட்டாரு." தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றான். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, சாப்பிடும் இடத்துக்கும் கொண்டுபோக முடியாது.

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். பிறகு, "மூச்சு உள்ள போவலண்ணா. நான் இழுக்கறேன், அது போவல" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. தெருவில் யாரோ கட்டைவண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் தொழிற்சாலைக்குப் போன பிறகு எனக்கு மடப்பள்ளியில் கை ஓடவில்லை. ஒவ்வொரு முறை மூடியைத் திறந்து முகத்தைத் திருப்பும்போதும் அவன் கழுத்து நரம்பு நினைவுக்கு வந்தது. என் மூச்சு தானாக நிற்பதை முதன்முதலாகக் கவனித்தேன். கவனித்த பிறகு அது எனக்குள் வேறு யாரோ உட்கார்ந்து செய்வதைப்போல இருந்தது. நைனாவிடம் சொன்னேன். "பெரிய வாத்தியாருங்க எல்லாம் பார்த்துதானே அனுப்பிகீறாங்க. உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார். ஆனால் சில நாள் கழித்து அவரே நைவேத்தியப் புளியோதரையைக் கட்டிக் கொடுத்து, "போய் ஒரு தபா பார்த்துட்டு வா" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரயிலடிக்குப் போகும் வழியில் டீச்சரம்மா வீட்டின் முன் என் கால் நின்றது. தனியாக ஒரு பெண்பிள்ளை வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது அதுவரை நான் செய்யாத காரியம். கூப்பிடவும் இல்லை, சும்மா நின்றேன். அவரே பார்த்துவிட்டு வந்தார். "பூண்டு வேணும்" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நான் இடுப்பில் செருகியிருந்த வாய்த்துணியில் ஒரு பூண்டை வைத்து அவரே முடிந்து கொடுத்தார். "அவன் மோந்து பாக்கற வரைக்கும் நகராத. மூக்கப் புடிச்சி உள்ள தள்ளு" என்றார்.

தொழிற்சாலையை அடைந்தபோது உச்சிவெயில். சுற்றுச்சுவரை ஒட்டியிருந்த வேப்பமரங்களில் ஒரு பக்கம் மட்டும் இலை இருந்தது. வாசல் இரும்புக் கதவை விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. காக்கை குருவி ஒன்றையும் காணவில்லை. தம்பி வெளியே வந்தான். வெயிலில் அவன் முகம் மஞ்சள் பூசியது போல இருந்தது. நடையில் தள்ளாட்டம் இருந்தது.

"என்னடா இப்பிடி கீற?"

"சூடுண்ணா. நேத்து பூரா தொட்டி ரூம்லயே இருந்துட்டேன். வாந்தி, இடுப்பு வலி. காலைல ஒண்ணுக்கு செவப்பாப் போச்சி. இளநீர் குடிச்சா சரியாயிடும்னு இங்க இருக்கிறவங்க சொன்னாங்க."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் எவ்வளவு சாதாரணமாக வந்தன என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். படிகளில் இறங்கும்போது எனக்கு அவனே சொன்ன அடையாளங்கள். புத்தகத்தில் படித்தது தன் உடம்பில் வந்தபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பூண்டு வாசனை வந்தால்தான் அந்த விஷக்காற்று. அந்த வாசனை வரவில்லை என்றே அவன் நம்பிக்கொண்டிருந்தான். நமக்கெல்லாம் உடம்பில் எது வந்தாலும் முதலில் சூடுதானே.

நான் முடிச்சை அவிழ்த்தேன். வாசல் ஓரத்துக் கல்லில் பாதிப் பூண்டை வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினேன். பூண்டைத் தொட்டது அதுதான் முதல் முறை. அள்ளி அவன் முகத்துக்கு எதிரே நீட்டி, இன்னொரு கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். அவன் மூச்சை நிறுத்தினான். நான் விடவில்லை. எவ்வளவு நேரம் நிறுத்த முடியும். கடைசியில் மூச்சு உள்ளே போனது.

அவன் கண் என் கண்ணைப் பார்த்தது. அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

"இதுவா?" என்றான். "இதாண்ணா பூண்டு? இது நாலு நாளா தொட்டி ரூம்ல வந்துகினே கீதே. யாரோ குழம்பு கொண்டாந்து வெச்சிகினு கீறாங்கன்னு நெனச்சேன். பிறத்தியார் சாப்பாடாச்சேன்னு மூஞ்சியத் திருப்பிகினு வேல செஞ்சேன்."

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். மஞ்சளாக இருந்தன. பிறகு திடுக்கிட்டவன்போல எழப் பார்த்தான், முடியவில்லை. "உள்ள ஆளுங்க கீறாங்கண்ணா. இன்னிக்கு காலைல புதுசா மூணு பேர எறக்கிகீறாங்க. நீ போ. நிக்காத, போ."

நான் என்ன சொல்லி எப்படிப் போவேன். வாசலில் இருந்த காவல்காரர், "யோவ், இன்னா நீ, பூண்ட எடுத்துகினு எங்க போற?" என்று தடுத்தார். நசுக்கிய பூண்டு கையில் எரிந்தது. தம்பி பின்னாலிருந்து எதையோ இங்கிலீஷில் கத்தினான். காவல்காரர் அவன் பக்கம் திரும்பிய நேரத்தில் நான் ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் கத்தியதில்லை, அதற்குப் பின்னும் இல்லை.

தொட்டி அறை தாழ்வான கூரை போட்ட இடம். வாசலில் சாப்பாட்டுத் தூக்குகள் வரிசையாக வைத்திருந்தன. உள்ளே தொட்டிக்குள் மூன்று பேர் முழங்கால்வரை நனைந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள். "வெளிய வாங்க, இந்த வாசனை வந்தா வெளிய வந்துரணுமாம்" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் சிரித்தார்.

"இன்னாபா, பூண்டு விக்க வந்தியா? நம்ம வூட்டு கொயம்பு வாசன அது. தூக்குல கீது."

"தூக்கத் தெறந்தீங்களா?" என்று கேட்டேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது. சமையல்காரன் என்பதால் வந்திருக்கும். மூடியிருக்கும் பாத்திரத்தின் வாசனை இவ்வளவு தூரம் வராது.

அவர் வாசலில் இருந்த தூக்குகளைப் பார்த்தார். எல்லாம் மூடியிருந்தன. என் கையைப் பார்த்தார். தலையை ஆட்டி ஒரு முறை மூச்சை இழுத்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "டேய், ஏறுங்கடா" என்றார் மற்ற இருவரிடம், தாழ்ந்த குரலில். மூவரும் வெளியே வந்தார்கள்.

நான் அப்போதுதான் கவனித்தேன். அந்த அறை வாசலில் நானும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த வாசனையும் உள்ளிருந்து வந்த வாசனையும் ஒன்றாகவே இருந்தன. என் கையில் இருந்தது காரமாக இருந்தது. உள்ளிருந்து வந்தது லேசாக, அடுத்த தெருவில் யாரோ தாளிப்பதைப்போல, பசியைக்கூடக் கிளப்பும்படி இருந்தது.

தொழிற்சாலை வண்டியில் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவன் தலை என் மடியில் இருந்தது. "அவங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டான். மூணு பேரும் வந்துவிட்டார்கள் என்றேன். டாக்டரிடம் தனக்கு என்ன ஆனது என்று அவனே இங்கிலீஷில் விளக்கினான். பாடம் ஒப்பிப்பதைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டு வந்தவர், பாதியில் பேனாவை மூடிவிட்டார். அவர் வெளியே போனதும் தம்பி என்னைப் பார்த்து, "நைனாகிட்ட அன்னிக்குக் கவுத்த பொங்கலப் பத்தி ஒண்ணும் சொல்லாதண்ணா" என்றான். எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நைனா இருந்தவரை நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் தானாக அதை நினைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் சர்க்கரைப் பொங்கல் இறக்கும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுவேன்.

புளியோதரைப் பொட்டலம் அவிழ்க்காமலே என்னிடம் இருந்தது. அவனுக்குக் கொடுக்கவா என்று நர்சைக் கேட்டேன். ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம் என்றார். அவன் அதைக் கேட்டுவிட்டு, "வாசன மட்டும் காட்டுண்ணா, சாமிக்குப் படைச்சதுதானே" என்றான். வாழைச்சருகைப் பிரித்து அவன் முகத்தருகே பிடித்தேன். இந்த முறை அவன் மூச்சை நிறுத்தவில்லை. மெதுவாக, ரொம்ப நேரம் இழுத்தான்.

இப்போது எனக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. இன்னும் மடப்பள்ளியில்தான் இருக்கிறேன். அங்கே துணி கட்டிக்கொள்கிறேன், மூச்சு தானாக நிற்கிறது, அதை மாற்ற நான் யார். ஆனால் மலையிலிருந்து இறங்கிவிட்டால் எங்கே போனாலும் முதலில் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். ரயில் பெட்டி, தியேட்டர், கல்யாண வீடு, எதுவானாலும். பஜாரில் இன்று ஹோட்டல்கள் அதிகமாகிவிட்டன. மாலையில் அந்த வழியாக நடந்தால் கடைக்குக் கடை பூண்டு வதக்கும் வாசனை வரும். ஜனங்கள் அதை மோந்தபடி உள்ளே போகிறார்கள். என் கால் மட்டும் அந்த இடத்தில் வேகமாகிவிடும். பெட்டியில் இருக்கும் துணி முடிச்சை வருஷத்துக்கு ஒரு முறை அவிழ்த்து முகத்தருகே கொண்டுபோகிறேன். அதில் இப்போது ஒரு வாசனையும் இல்லை. வாசனை இல்லை என்பது எனக்கு ஒருபோதும் நிம்மதியாக இருந்ததில்லை.

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் மடப்பள்ளியில் வேறு வீட்டார் வந்து அடுப்பு மூட்டினார்கள். அன்று வெள்ளிக்கிழமை, நைவேத்தியம் சர்க்கரைப் பொங்கல்.